எங்கள் பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டுப் பூட்டுங்கள்

மன்றத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

உங்கள் கலையரங்கத்தின் அறிவிப்புப் பலகையில் போன வாரம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறீர்கள். “பிளாக் மெட்டல் மற்றும் அதுபோன்ற தீய சக்தி இசை நிகழ்ச்சிகளுக்கு இனி அரங்கம் வாடகைக்கு விடப்படமாட்டாது.” கீழே மன்ற முத்திரை, கையெழுத்து. பிளாக் மெட்டல் என்பது வேகமான டிரம்ஸும் இரைகிற கிதாரும் அலறுகிற குரலுமாக வாசிக்கிற ஒரு வகை ராக் இசை. அந்தத் தாளுக்குக் காரணமான இசைக்குழுவில் கிதார் வாசித்துப் பாடுகிறவன் நான். மூன்று வாரத்துக்கு முன் சனிக்கிழமை மதியம் மெயினை இறக்கி அரங்கத்தைப் பூட்டினீர்களே, அன்றைக்கு வாயைத் திறக்காமல் டாடா ஏஸில் சாமான் ஏற்றிக்கொண்டு போனோம். அது ஒரு நாள் சண்டை, போகட்டும் என்றிருந்தேன். இந்தத் தாள் அப்படியில்லை. எங்களுக்குப் பின்னால் வரப்போகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பூட்டு போடுகிறது.

மன்றத்தின் பெயரை நான் எழுதவில்லை. எங்கள் குழுவின் பெயரும் இதில் இருக்காது. எழுதினால் விளம்பரம் தேடுகிறான் என்பீர்கள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். குழுக் கூட்டத்தில் அது வேறு மாதிரி சொல்லப்பட்டதாகக் கேள்வி. ஆறு வாரத்துக்கு முன்பே பதிவு செய்தோம். வாடகை 18,000 ரூபாய், முன்பணம் 10,000. ரசீது என்னிடம் இருக்கிறது. விண்ணப்பத்தில் ‘நிகழ்ச்சியின் தன்மை’ என்ற கட்டத்தில் ‘பிளாக் மெட்டல் இசை’ என்று தமிழிலேயே எழுதினேன். மேலாளர் அதைப் படித்துவிட்டு, “பிளாக் மேஜிக் மாதிரி ஒண்ணும் இல்லையே தம்பி?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கே உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு.

போஸ்டரும் எங்கள் தப்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இசையில் குழுவின் பெயரைப் படிக்க முடியாதபடி எழுதுவது ஒரு வழக்கம். எங்கள் பெயர் நாலே நாலு தமிழ் எழுத்து. அதை ஆலம் விழுது இறங்குகிற மாதிரி வரைந்திருந்தார் எங்கள் பேஸ் கிதார்க்காரர். வாசலில் அதைப் பார்த்த உறுப்பினர் ஒருவர், ஏவல் வைக்கிற தகட்டில் இருக்கிற எழுத்து என்றாராம். அது ‘ஊ’ சார். கொஞ்சம் வேர் அதிகமாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் இரண்டு நாற்பது. சவுண்ட் செக் நடந்துகொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து ரயிலில் வந்த இன்னொரு குழு பின்னறையில் லெமன் சாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தது. எங்கள் டிரம்மருக்கு முகத்தில் வேஷம் போட ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் அவர் முன்கூட்டியே போட்டு முடித்திருந்தார். வெள்ளை முகம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. அதோடு எதிர்க் கடைக்குப் போய் டீ வாங்கிக் குடித்தார். யாரோ படம் எடுத்தார்கள். அடுத்த இருபது நிமிடத்தில் உங்கள் உறுப்பினர்கள் இரண்டு பேர் வந்தார்கள். “மெயின இறக்குப்பா” என்று ஒரு குரல். மேடை இருட்டாகிவிட்டது. டிரம்மர் கையில் டீ கிளாஸோடு வாசலில் நின்றார். அவரைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் என்ன பாடப்போகிறோம் என்றும் யாரும் கேட்கவில்லை. பாட்டு வரிகளை அச்சடித்து ஒரு ஃபைலில் வைத்திருந்தேன். அதை நீட்டினேன். “அதெல்லாம் வேணாம்” என்றார்கள்.

அன்று இரவு ஏழு மணி வரை வெளி கேட்டில் நின்று 83 பேருக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தோம். ஒரு டிக்கெட் 200 ரூபாய். நாலைந்து பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் காசில்தான் பெங்களூர் பையன்களுக்கு ராத்திரி சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது அந்த முகத்துக்கு வருகிறேன், எல்லாம் அங்கிருந்துதானே ஆரம்பித்தது. அந்த வெள்ளை, கூத்துக் கலைஞர்கள் பூசுகிற முத்துவெள்ளை. தேங்காய் எண்ணெயில் எந்தப் பதத்துக்குக் குழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் ஒருவர். எண்ணெய் கூடினால் சென்னை வெயிலுக்கு வழிந்து காலருக்கு இறங்கிவிடும், குறைந்தால் சிரிக்கும்போது வெடிக்கும். வெளிநாட்டுக் கிரீம் எல்லாம் வாங்கிப் பார்த்துத் தோற்றுப்போய்த்தான் அவரிடம் போனோம். உங்கள் மன்றத்துப் பொன்விழாவில் இதே மேடையில் பதினெட்டாம் போர் கூத்து நடந்தது. நானும் கீழே உட்கார்ந்து பார்த்தேன். துரியோதனன் தொடை பிளந்து பாஞ்சாலி ரத்தம் தொட்டுக் கூந்தல் முடிந்தபோது முன்வரிசையில் இருந்த நீங்கள்தான் முதலில் கை தட்டினீர்கள். அதே வெள்ளைதான் சார் அது.

எனக்கு இந்த இசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோரும், இதற்குப் பேர்போன நோர்வே என்று பதில் எதிர்பார்ப்பார்கள். அப்பாவுக்குச் செஞ்சி பக்கம். எனக்கு ஏழு வயதிருக்கும்போது மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாசி அமாவாசை, சிவராத்திரிக்கு மறுநாள் வருவது. சித்தப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன். கறுப்பும் சிவப்பும் அப்பிய முகத்தோடு, பல்லில் எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு ஒருவர் எங்களை நோக்கி வந்தார். காய்கறி, தானியம், சில்லறைக் காசு என்று ஜனங்கள் வாரி இறைத்தார்கள். பயத்தில் சித்தப்பாவின் முடியைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஆனால் எனக்கு அதைவிட நினைவில் நிற்பது பம்பை. அடி நிற்காமல் ஒரே வேகத்தில் போய்க்கொண்டேயிருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்காது. ஓட்டுக்கூரை மேல் பெருமழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சலாகிவிடும். அந்த இரைச்சலுக்குள்ளே ஒரு மாதிரி அமைதி இருக்கும். எனக்கு அதற்கு வேறு சொல் தெரியவில்லை.

பாலிடெக்னிக்கில் படிக்கும்போது நண்பன் ஒருவன் எழுதிக் கொடுத்த சிடியில் டார்க்த்ரோன் என்ற நோர்வே பிளாக் மெட்டல் குழுவின் 1994 ஆல்பம் ஒன்று இருந்தது. குரலைத் தவிர டிரம்ஸ், கிதார், பேஸ் எல்லாவற்றையும் ஒரே ஆள், நாலு டிராக் கேசட் கருவியில் வாசித்துப் பதிவு செய்தது. ஒலி அவ்வளவு மட்டம். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கும். டிரம்ஸ் முக்கால்வாசி நேரம் ஒரே அடி. கிதாரில் ஒற்றைத் தந்தியைத் தையல் மிஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் குத்திக்கொண்டே போவார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் எனக்குப் பம்பை கேட்டுவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது, இன்றைக்கு எனக்கு முப்பத்தொன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி மிஷின் ஓட்டுகிறேன். சம்பளத்தில் ஒரு பங்கு இன்னும் இதற்குத்தான் போகிறது.

அதே ஆல்பத்தின் பின்னட்டையில் முதல் பதிப்பில் ‘ஆரிய’ என்ற சொல்லும் இருந்தது. அது பின்னால் வந்த பதிப்புகளில் இல்லை. அந்தக் காலத்தில் தாங்கள் பேசியதற்கு அவர்கள் வருத்தமும் தெரிவித்தார்கள். ஆனாலும் என் நிறத்தில் ஒருவன் அதைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ரொம்ப நாள் அந்தச் சிடியைத் தொடாமல் வைத்திருந்தேன். இந்த இசையின் அழுக்கு எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். 1992 ஜூனில் நோர்வேயின் பெர்கன் நகருக்குப் பக்கத்து ஃபான்டாஃப்ட் மரத்தேவாலயம் எரிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து இன்னும் சில தேவாலயங்கள். 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் கிதார் கலைஞர் யூரானிமஸை இன்னொரு இசைக்காரரே குத்திக் கொன்றார். கொன்றவருக்கு அடுத்த வருடம் 21 வருடச் சிறை. அவர் இனவெறி பேசுகிறவர், அவர் பாட்டை எங்கள் ஜாம் ரூமில் போடுவதில்லை என்று நாங்களே முடிவு செய்து வைத்திருக்கிறோம். உங்கள் உறுப்பினர் கூட்டத்தில் போனில் காட்டிய வீடியோ இந்தக் கதைதான் என்று அறிந்தேன். கதை உண்மை. அது முப்பது வருடத்துக்கு முன் ஒரு நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் செய்த குற்றம். அதற்காக அம்பத்தூரில் நாலு பேரைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

அந்த நோர்வேயே என்ன செய்தது பாருங்கள். 2013-இல் சாட்டிரிகான் என்ற பிளாக் மெட்டல் குழு ஆஸ்லோ ஓபரா அரங்கத்தில், தேசிய ஓபராவின் பாடகர் குழுவை வைத்துக்கொண்டே வாசித்தது. 2022-இல் அதே குழுவின் இசையோடு மூங்க் அருங்காட்சியகம் ஓவியக் கண்காட்சி நடத்தியது. நான் சொன்ன அந்தக் கேசட் ஆளின் பெயர் ஃபென்ரிஸ். அவர் தபால் துறையில் வேலை பார்த்தவர். பூனையோடு ஒரு படம் போட்டு, தயவு செய்து எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று கேட்டும் கேளாமல் ஊர்க்காரர்கள் அவரை உள்ளாட்சிக்கு மாற்று உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தீய சக்தி என்று நீங்கள் தாளில் எழுதியிருப்பது இந்த மாதிரி ஆட்களையும் சேர்த்துத்தான்.

நோர்வேயில் மட்டும் இது இல்லை. பெயரே 1982-இல் இங்கிலாந்தின் வெனம் குழு போட்ட ஆல்பத்திலிருந்து வந்தது. ஸ்வீடனில் க்வார்த்தன் என்ற ஒற்றை மனிதரின் பாத்தரி குழு இல்லாமல் இந்த இசையே இல்லை. என்னைக் கேட்டால் அவருடைய மெதுவான பாட்டுகள்தான் உசத்தி, வேகத்துக்கு மயங்குகிற எங்கள் டிரம்மர் ஒத்துக்கொள்ள மாட்டார். பிரேசிலில் சார்கோஃபாகோ, ஜப்பானில் சை, கிரேக்கத்தில் ராட்டிங் கிரைஸ்ட், கொழும்பில் ஜெனோசைட் ஷ்ரைன்ஸ். சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா, தமிழ்ப் பின்னணி உள்ளவர்கள் நடத்துகிற குழு. வேதாந்தத்தையும் சமஸ்கிருத சுலோகத்தையும் இந்த ஓசைக்குள் கொண்டுவந்தவர்கள். அது கேட்ட பிறகுதான், நாமும் நம்முடையதைப் பாடலாமே என்று எனக்குத் தைரியம் வந்தது. ஏன், நம் சென்னையிலேயே பிளட் கவனன்ட் என்ற குழு இயேசுவைப் போற்றி இதே மாதிரி ஓசை போட்டிருக்கிறது. எங்கள் டிரம்மரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிறவர்தான்.

நாங்கள் பாடுவது என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அன்றைக்கு ஆறு பாட்டு. முதல் பாட்டு காரைக்கால் அம்மையாரைப் பற்றியது. திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் பேய் உருவத்தோடு உட்கார்ந்து சிவனின் ஆட்டத்தைப் பார்த்த அந்த அம்மாளின் பதிகத்தை நீங்கள் படித்திருப்பீர்கள், உங்கள் மன்றமே திருமுறை வகுப்பு நடத்துகிறது. வற்றிய முலை, குழிந்த வயிறு, நீண்ட பல், எரிகிற பிணம், ஊளையிடும் நரி எல்லாம் அவர் எழுதியதுதான். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன் எழுதினார் என்கிறார்கள். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குரலை மட்டும் அந்த இடத்துக்குப் பொருத்தமாக மாற்றினேன். பேய் பாடுகிற பாட்டைத் தேனொழுகப் பாடினால் நன்றாகவா இருக்கும்? இன்னொரு பாட்டு கொரட்டூர் ஏரியில் கலக்கிற கழிவுநீரைப் பற்றியது. இன்னொன்று நைட் ஷிப்ட் முடிந்து நாலரை மணிக்கு வெறும் தெருவில் நடப்பது. நாலாவது பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற கிதார் துணுக்கு (ரிஃப்), காருகுறிச்சியார் நாதஸ்வரத்தில் கேட்ட சுபபந்துவராளியைத் தேடிப்போய்க் கிதாரில் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது. ராகம் தெரிந்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளலாம். சாமியைத் திட்டுகிற வரி ஒன்றுகூட எந்தப் பாட்டிலும் இல்லை. ஃபைல் இன்னும் அப்படியே இருக்கிறது.

நிகழ்ச்சியே கூடாது என்று ஒரு முடிவெடுக்க யாருக்கும் உரிமை கிடையாது என்று நான் சொல்லவில்லை. 2019 மார்ச்சில் சிங்கப்பூரில் வாட்டெய்ன் என்ற ஸ்வீடன் குழுவின் நிகழ்ச்சியை அரசு அன்றைக்கே ரத்து செய்தது. முதலில் வயது வரம்பு போட்டு, சில பாட்டுகளை நீக்கச் சொல்லி அனுமதி கொடுத்தது, பிறகு மனதை மாற்றிக்கொண்டது. எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. ஆனால் என்ன காரணம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அடுத்த மாதம் அமைச்சர் சண்முகம் நாடாளுமன்றத்தில் அதைப் பற்றி விளக்கமும் சொன்னார். அவர்கள் வரிகளைப் படித்துவிட்டு வேண்டாம் என்றார்கள். நீங்கள் படிக்காமலே வேண்டாம் என்றீர்கள். அந்த வித்தியாசம்தான் என் மனதை அறுக்கிறது.

உங்களுக்கு நியாயமான கவலைகள் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். சத்தம் ஒன்று. அரங்கத்துக்குப் பின்னால் மூன்று வீடு தள்ளி வயதானவர் ஒருவர் படுக்கையில் இருக்கிறார் என்பது எங்களுக்கே தெரியும். சவுண்ட்காரரோடு போய் அந்தச் சந்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தோம். சட்டப்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரைதான் ஒலிபெருக்கி கூடாது, நாங்கள் எட்டரைக்கே முடிப்பதாக எழுதிக் கொடுத்திருந்தோம். குடித்துவிட்டு வருவார்கள் என்று பயமா? வாசலில் நாங்களே ஆள் போட்டிருந்தோம். சொல்லப்போனால் எங்கள் கூட்டம் தலையை ஆட்டிவிட்டு, சட்டை வாங்கிக்கொண்டு, கடைசி மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிற கூட்டம். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் நடக்கிற அடிதடி எதுவும் இதில் நடந்து நான் பார்த்ததில்லை.

பூட்டியது, பணம் போனது எல்லாவற்றையும்விட ஒன்று இருக்கிறது. அந்த டீக்கடைப் படம் “நம்ம ஏரியாவில் நரபலி கும்பல்” என்ற வரியோடு உங்கள் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போனது. அங்கிருந்து பத்து குழுவுக்குப் போயிருக்கிறது. வேஷம் போட்டிருந்தாலும் தெரிந்தவர்களுக்கு முகம் தெரிந்துவிடும். டிரம்மர் ஒரு டூவீலர் ஷோரூமில் வேலை பார்க்கிறார். திங்கட்கிழமை மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் போனை நீட்டி, இது நீயா என்று கேட்டிருக்கிறார். கோயில் வாசலில் அவர் அம்மாவை நிறுத்தி இரண்டு பேர், பையனுக்காக ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா அன்றைக்கு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டியாப்பா என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஆகவே நான் கேட்பது: அந்தத் தாளை எடுங்கள். அதற்குப் பதில் எல்லா இசை நிகழ்ச்சிக்கும் பொதுவாக ஒரு விதி எழுதுங்கள். எத்தனை மணி வரை, எவ்வளவு சத்தம், பாட்டு வரிகளை எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும், குடித்தவரை உள்ளே விட்டால் என்ன அபராதம் என்று போடுங்கள். எவ்வளவு கடுமையாகவும் போடுங்கள், நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு இசையின் பெயரைச் சொல்லித் தடை போடாதீர்கள்.

முன்பணம் 10,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். “மன்றத்தின் பெயருக்குக் களங்கம்” என்று வாயால் சொல்லி வைத்துக்கொண்டீர்கள். கொடுக்க முடியாதென்றால் எந்த விதிப்படி என்று எழுத்தில் தாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். அதே குழுவில், அவர் பெயரிலேயே, அது உண்மையில்லை என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். என்னைப் பற்றி வேண்டாம். டிரம்மருக்காக மட்டும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் கொடுங்கள். லேப்டாப்பும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு உறுப்பினருக்கும் பாட்டு வரிகளை அச்சடித்துத் தருகிறேன். ஆறு பாட்டும் வேண்டாம், அம்மையார் பாட்டு மட்டும் போதும், ஏழு நிமிடம். திருமுறை வகுப்பு எடுக்கிற ஐயாவும் கட்டாயம் இருக்க வேண்டும். கேட்டுவிட்டு அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தக் காரணத்தை எழுதி வாங்கிக்கொண்டு போகிறேன், அதற்குப் பிறகு உங்கள் அரங்கத்தைக் கேட்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. மெயினை இறக்கிய அவசரத்தில் எங்கள் ஸ்நேர் டிரம் ஸ்டாண்ட் மேடைக்குப் பின்னறையில், நாற்காலி அடுக்குக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கால் ஒன்றில் பச்சை டேப் சுற்றியிருக்கும். இரண்டு தடவை கேட்டுவிட்டேன், சாவி இல்லை என்கிறார்கள். தயவு செய்து அதை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இரவல் வாங்கியது.